சுவரை யாரு கட்டினது?

அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி. 1997-ல் தொடங்கினார்கள். மேஜர் லீக் பேஸ்பால் என்கிற பெரிய விளையாட்டு அமைப்பும் ஸ்கொலாஸ்டிக் என்கிற பதிப்பகமும் சேர்ந்து ஏற்படுத்தியது. அதற்கு முன்னால் நின்றவர் ஷாரன் ராபின்சன். பேஸ்பாலில் நிறச்சுவரை உடைத்தவர் என்று உலகம் சொல்கிற ஜாக்கி ராபின்சனின் மகள். போட்டியின் பேரே தடைகளை உடைப்பது பற்றியதுதான், விளையாட்டிலும் வாழ்க்கையிலும். பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையில் சந்தித்த ஒரு தடையைப் பற்றி எழுத வேண்டும். ஜாக்கியின் வாழ்க்கையிலிருந்து எடுத்த ஒன்பது பண்புகளில் எதை வைத்து அந்தத் தடையைத் தாண்டினோம் என்று சொல்ல வேண்டும். துணிவு, மனவுறுதி, கூட்டுழைப்பு, விடாமுயற்சி, நேர்மை, குடிமைப் பொறுப்பு, நீதி, ஈடுபாடு, சிறப்பு. இதுதான் அந்த ஒன்பது.

இதைக் கேட்டதும் கிண்டல் பண்ணத் தோணும். நம்ம ஊரில் காந்தி ஜெயந்திக்கும் நேரு பிறந்த நாளுக்கும் கட்டுரை எழுதி எவர்சில்வர் டம்ளர் வாங்காதவர் யார்? வாத்தியார் சொன்னதைத் திருப்பி எழுதினால் முதல் பரிசு. ஆனால் இந்தப் போட்டியை அப்படித் தள்ளிவிட முடியாது. தலைவரைப் பற்றி எழுது என்று அது கேட்கவில்லை, உன்னைப் பற்றி எழுது என்று கேட்டது. பத்து வயசுப் பிள்ளை தனக்கு வந்த நோயை, திக்குவாயை, செத்துப்போன அப்பாவை, வகுப்பில் தன்னை ஒதுக்கி வைத்ததை எழுதியது. இது சாட்சியம். தலித் இலக்கியம் தொடங்கினதே இங்கேதான். எனக்கு நடந்ததை நான் சொல்றேன், அதுக்கு ஒருத்தரோட அனுமதியும் வேணாம் என்று நம்ம ஆட்கள் பேனா எடுத்த இடம் அது. ஒரு பிள்ளைக்கு அந்தப் பேனாவைக் கொடுக்கிற காரியத்தை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

நம் கேள்வி வேற. தடையை எப்படித் தாண்டினாய் என்று கேட்கிறார்கள். அந்தத் தடையை யாரு வச்சது என்று கேட்கவில்லை. நோயை யாரும் வைப்பதில்லை, அது வருகிறது. திக்குவாயும் அப்படித்தான். நிறவெறி அப்படித் தானாக வந்ததில்லை. அதற்குச் சட்டம் இருந்தது, போலீஸ் இருந்தது, கணக்குப்பிள்ளை இருந்தான், அதனால் லாபம் அடைந்தவன் இருந்தான். இரண்டையும் 'தடை' என்கிற ஒரே சொல்லில் போட்டு மூடினால், இரண்டாவது தடையைக் கட்டியவன் தப்பிச்சுப் போயிடறான். அடிபட்டவனின் மனவுறுதி மட்டும் மேடைக்கு வருகிறது. ஆகவே ஜாக்கி ராபின்சனின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு ஒருதரம் திரும்பப் படித்துப் பார்ப்போம்.

ஜாக்கி 1919 ஜனவரி 31 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் கெய்ரோ என்கிற சிற்றூரில் வாரக் குத்தகை உழவர் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். அப்பா விட்டுட்டுப் போயிட்டார். அம்மா மேலி ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 1920-ல் ரயிலேறி கலிபோர்னியாவில் உள்ள பாசடீனா நகரத்துக்குப் போனார். அங்கே வெள்ளையர் வீடுகளில் பாத்திரம் கழுவி, துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். வெள்ளையர் தெருவில் ஒரு வீடு வாங்கியதும் அக்கம்பக்கத்தார் அவர்களைக் கிளப்பிவிட மனு எழுதினார்கள். மேலி நகரவில்லை. அந்தப் போட்டியின் 'துணிவு' என்கிற சொல்லுக்கு முதல் உரிமைக்காரி இந்த அம்மாதான்.

பாசடீனாவில் நகராட்சியின் நீச்சல் குளம் ஒன்று இருந்தது. கறுப்பர்களுக்கும் மெக்சிகோக்காரர்களுக்கும் ஆசியர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் அதில் இறங்க அனுமதி. அவர்கள் குளித்து முடித்ததும் குளத்துத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்பி, அடுத்த நாள் வெள்ளைப் பிள்ளைகளை இறக்கினார்கள். 

இதைப் படித்தபோது நமக்கு உடம்பு சிலிர்க்காமல் இருக்குமா? 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரத்தின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான தீண்டப்படாதார் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அவர்களை அடித்து விரட்டினார்கள். பிறகு சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்த குடங்களைக் குளத்தில் கொட்டி, மந்திரம் சொல்லித் தீட்டுக் கழித்தார்கள். ஜாக்கிக்கு அப்போ எட்டு வயசு. பூமிப் பந்தின் அந்தப் பக்கம் குளத்தை வடித்தார்கள், இந்தப் பக்கம் குளத்தில் சாணி கரைத்தார்கள். நிறம் வேறு சாதி வேறு என்று சொல்கிறவர்கள் தண்ணீரிடம் போய்க் கேட்கட்டும். வேற்றுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மனுஷன் தொட்டால் தண்ணி கெட்டுப்போகும் என்கிற நினைப்பு இரண்டு இடத்திலும் நகராட்சிப் பதிவேட்டிலேயே ஏறி உட்கார்ந்தது.

ஜாக்கியின் அண்ணன் மேக் ராபின்சன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம். ஜெஸ்ஸி ஓவன்சுக்கு அடுத்து வந்தவர். ஹிட்லரின் ஊரில் வெள்ளைத் திமிரைத் தோற்கடித்தவர்களில் ஒருவர். பதக்கத்தோடு பாசடீனாவுக்குத் திரும்பினார். ஊர் அவருக்கு என்ன வேலை கொடுத்தது தெரியுமா? தெருக்கூட்டுகிற வேலை. ஒலிம்பிக் சட்டையை மாட்டிக்கொண்டே தெருவைக் கூட்டினார் மேக். பதக்கம் வாங்கினாலும் விளக்குமாறுதான் கையில். இந்தக் காட்சியை நம்ம சனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டம் வாங்கிய பிள்ளை நகராட்சித் துப்புரவுப் பணிக்கு விண்ணப்பித்து நிற்கிற வரிசையை நாம் பார்த்திருக்கிறோம்.

மேக்கிடம் மனவுறுதி இல்லையா? விடாமுயற்சி இல்லையா? ஒன்பது பண்பில் எது குறைந்தது? எதுவும் குறையவில்லை. தம்பிக்குத் திறந்த கதவு அண்ணனுக்குத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பண்பு இருந்தால் தடை உடையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மேக்கை எங்கே உட்கார வைப்பது? பாசடீனா நகர மன்றத்துக்கு எதிரே அண்ணன் தம்பி இருவருக்கும் 1997-ல் வெண்கலத்தில் பெரிய தலைச்சிற்பங்கள் வைத்தார்கள். ஜாக்கியின் முகம் கிழக்கே, அவர் விளையாடப் போன புரூக்ளின் பக்கம் பார்க்கிறது. மேக்கின் முகம் நகர மன்றத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கென்ன பதில் என்று கேட்கிற மாதிரி. மேக் 2000-ல் இறந்தார்.

அடுத்தது பேருந்து. இரண்டாம் உலகப் போரில் ஜாக்கி ராணுவத்தில் சேர்க்கப்பட்டு 1943-ல் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1944 ஜூலை 6 அன்று டெக்சாஸ் மாநிலம் கேம்ப் ஹூட் முகாமில் ராணுவப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னாடி போய் உட்காரு என்றான் ஓட்டுநர். ஜாக்கி எழுந்திருக்கவில்லை. ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தது 1955-ல். அதற்குப் பதினோரு வருஷம் முந்தி நடந்தது இது. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 2 அன்று குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. அந்த வருஷக் கடைசியில் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். 

இந்த ராணுவ வரலாற்றுக்கு என்ன ஆச்சு பாருங்கள். 2025 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பன்மைத்துவம், சமத்துவம் என்ற பேரில் இருந்ததை எல்லாம் துடைத்தெறிந்தபோது, ஜாக்கி ராபின்சனின் ராணுவச் சேவையைச் சொல்கிற பக்கத்தையும் தன் இணையத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. கூச்சல் எழுந்ததும் திரும்ப வைத்தார்கள். பேஸ்பால் திடலில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 அன்று எல்லா ஆட்டக்காரர்களும் அவருடைய 42-ஆம் எண்ணை முதுகில் மாட்டிக்கொண்டு ஆடுவதை 2009-ல் இருந்து வழக்கமாக்கியிருந்தார்கள். அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது. எண்ணைக் கொண்டாடுவது லேசு. பேருந்தில் எழுந்திருக்காத மனுஷனைக் கொண்டாடுவது கஷ்டம்.

இனி பேஸ்பால். 1945-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி ஜாக்கியை அழைத்தார். என்ன வசவு வந்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்று வாக்கு வாங்கினார். 1946-ல் மான்ட்ரியல் ராயல்ஸ். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் எபெட்ஸ் பீல்டில் முதல் ஆட்டம். அந்த வருஷமே சிறந்த புதுமுகம். 1949-ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். பள்ளிக்கூடக் கட்டுரையில் வருகிற கதை இதுதான். ஒரு நல்ல வெள்ளைக்காரர் அழைத்தார், ஒரு பொறுமையான கறுப்பர் வந்தார், சுவர் விழுந்தது.

இதில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர்! பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் பத்திரிகையில் வெண்டல் ஸ்மித் வருஷக்கணக்காய் எழுதினார். சாம் லேசி எழுதினார். கம்யூனிஸ்டுகளின் டெய்லி வொர்க்கர் பத்திரிகையில் லெஸ்டர் ராட்னி 1930-களிலிருந்தே விடாமல் எழுதினார். 1943 டிசம்பரில் பாடகரும் நடிகருமான பால் ராப்சன் பேஸ்பால் அணி முதலாளிகள் முன் நேரில் போய் நின்று கறுப்பர்களைச் சேருங்கள் என்று வாதாடினார். 1945-ல் நியூயார்க் மாநிலம் வேலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. ரிக்கி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இவ்வளவு பேர் அந்தச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். இயக்கத்தை அழித்துவிட்டுத் தனி மனிதனை மட்டும் நிறுத்துவது ஆதிக்க வரலாற்றின் பழைய வேலை.

போன பக்கம் என்ன ஆச்சு என்றும் பார்க்க வேண்டும். கறுப்பர்கள் தங்களுக்கென்று கட்டி எழுப்பிய நீக்ரோ லீக் அணிகள் இருந்தன. ஜாக்கி 1945-ல் ஆடிய கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு காசு கொடுக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்களை வெள்ளை அணிகள் ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொண்டன. நீக்ரோ நேஷனல் லீக் 1948-ஓடு முடிந்தது. முதலாளிகள், மேனேஜர்கள், அம்பயர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் யாருக்கும் அந்தப் பக்கம் இடமில்லை. ஜோஷ் கிப்சன் என்கிற மாபெரும் அடிப்பாளர் 1947 ஜனவரியில், முப்பத்தைந்து வயசில், கதவு திறக்க மூணு மாசம் இருக்கையில் செத்துப்போனார். 2024-ல் நீக்ரோ லீக் கணக்குகளையும் சேர்த்துக் கூட்டியபோது, வாழ்நாள் அடிச் சராசரியில் முதல் இடம் கிப்சனுக்கு வந்தது. .372. எழுபத்தேழு வருஷம் தாமதம். உள்ளே விடுவது என்பது அவர்கள் விருப்பப்படி, அவர்கள் எண்ணிக்கைப்படி நடந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 1959 வரை ஒரு கறுப்பரையும் சேர்க்கவில்லை. 2022 உலகத் தொடர் இறுதிப் போட்டியில் இரண்டு அணியிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பர் ஒருத்தர்கூட இல்லை. 1950-க்குப் பிறகு முதல்தரமாக அப்படி நடந்தது.

ஜாக்கியை வரையச் சொன்னால் பிள்ளைகள் எதை வரைவார்கள்? அனேகமாய் அந்தத் தோளில் கை போட்ட படத்தை. பார்வையாளர்கள் ஜாக்கியை ஏசுகிறார்கள், சக ஆட்டக்காரரான வெள்ளையர் பீ வீ ரீஸ் நடந்துவந்து அவர் தோளில் கை போடுகிறார். புரூக்ளினில் 2005-ல் இதைச் சிலையாகவே வைத்திருக்கிறார்கள். இது 1947-ல் சின்சினாட்டியில் நடந்ததா, 1948-ல் பாஸ்டனில் நடந்ததா, நடந்ததா இல்லையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ரீஸ் நல்ல மனுஷன்தான், ஜாக்கிக்கு நண்பர்தான். அதில் சந்தேகமில்லை. கேட்க வேண்டியது இது: ஜாக்கி தனியாக முதல் தளத்தில் நின்று, ஆயிரம் பேர் வசவைக் கேட்டுக்கொண்டே பந்தைப் பிடித்த எத்தனையோ ஆட்டங்கள் இருக்க, வெள்ளைக் கை தோளில் விழுந்த ஒரு நொடியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பார்க்கிற வெள்ளைப் பிள்ளை தன்னை ரீஸாக நினைத்துக்கொள்ளலாம். ஏசிய கூட்டத்தில் தன் தாத்தா இருந்தாரா என்று யோசிக்க வேண்டியதில்லை.

நம்ம பக்கமும் இப்படித்தான். பல்வாங்கர் பாலு பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1876-ல் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் சமார் சாதி. புனே ஐரோப்பியர் கிளப்பில் மாசம் நாலு ரூபாய்க்கு ஆடுகளம் செப்பனிடும் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்களுக்கு வலைப் பயிற்சியில் பந்து போட்டுப் போட்டே நாட்டின் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். புனேயில் இந்து அணிக்கு அவர் பந்து வேண்டும். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் கூடத்துக்கு வெளியே மண்குவளையில் தேநீர். நம்ம டீக்கடைத் தனிக்குவளையின் தாத்தா அது. 1911-ல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். ஆனால் அணித் தலைமையைக் கடைசி வரை கொடுக்கவில்லை. அந்த நாற்காலி 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

வீரர்களைக் கோயில் சிலையாக்குவதும் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். 1949 ஜூலையில் ஜாக்கி ராபின்சன் அமெரிக்கக் காங்கிரசின் கம்யூனிச விரோத விசாரணைக் குழுவின் முன் போய் பால் ராப்சனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். தனக்காக 1943-ல் வாதாடிய அதே ராப்சன்! அந்தச் சாட்சியத்தில் நிறவெறியையும் கண்டித்தார், ஆனால் பத்திரிகைகள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் பெரிசாகப் போட்டன. அடுத்த வருஷம் ராப்சனின் பாஸ்போர்ட்டை அரசு பறித்தது. பாலு விஷயமும் இதே மாதிரி. இளம் அம்பேத்கர் பாலுவைத் தன் சனத்தின் பெருமையாகக் கொண்டாடியவர். 1932-ல் பூனா ஒப்பந்தச் சமயத்தில் பாலுவும் நம்ம எம்.சி. ராஜாவும் கூட்டுத் தொகுதிப் பக்கம் நின்றார்கள். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் பாலுவையே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. ஒடுக்கப்பட்டவர்களில் ஒருவரை எடுத்து இன்னொருவர் மேல் எறிவது எந்த நாட்டு ஆதிக்கத்துக்கும் தெரிந்த வித்தை. இதைச் சொன்னால் வீரரின் பெருமை குறைந்துபோகும் என்று பயப்படுகிறார்கள். குறையாது. ஜாக்கியே 1972-ல் வந்த தன் வரலாற்றில் ராப்சன் விஷயத்தில் தனக்கு ஏற்பட்ட மனமாற்றத்தை எழுதினார். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாடத் தன்னால் முடியாது என்றும் அதே புத்தகத்தில் எழுதினார். இந்த ஜாக்கி ஒன்பது பண்புப் பட்டியலுக்குள் அடங்குகிறவர் இல்லை.

1946-ல், ஜாக்கி மான்ட்ரியலில் ஆடிக்கொண்டிருந்த அதே வருஷம், அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பர் அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபையில் கறுப்பர்கள் கொடுத்திருந்த மனுவின் நகலைக் கேட்டார். நம்ம சனங்களுக்காக நாமும் அப்படிச் செய்யலாமா என்ற யோசனை அதில் இருந்தது. அவர் வாழ்க்கைக் கதையைக் கேட்கவில்லை, மனுவைக் கேட்டார். 

அந்த வழியில் யோசித்தால், நம்ம சேரிகளில், மாலை நேரப் பள்ளிகளில், பாலு பேரில் கட்டுரைப் போட்டியும் ஓவியப் போட்டியும் வைக்க வேண்டியது நம் வேலை. வைக்கும்போது ஒரு கேள்வியோடு நிறுத்தக் கூடாது. உனக்கு என்ன நடந்தது? இது முதல் கேள்வி. அந்தச் சுவரை யாரு கட்டினது, அதனால யாருக்கு லாபம்? இது இரண்டாவது. உனக்கு முன்னாடி அதை இடிச்சவங்க யாரு, தாண்ட முடியாமப் போனவங்க யாரு? இது மூணாவது. மூணாவது கேள்விக்குப் பிள்ளை தன் பாட்டியிடம் போய்க் கேட்டுத்தான் எழுத முடியும். அப்படி எழுதினால் ஒரு ஊரின் வரலாறே கையெழுத்துப் பிரதியாய் நமக்குக் கிடைக்கும். ஓவியம் போடுகிற பிள்ளை மண்குவளையைப் போடட்டும், விளக்குமாறு பிடித்த ஒலிம்பிக் வீரனைப் போடட்டும். பரிசு எல்லாருக்கும் கொடுக்கலாம். சாட்சியத்துக்கு மார்க் போட நமக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?

1972 அக்டோபர் 15 அன்று சின்சினாட்டியில் உலகத் தொடர் ஆட்டத்துக்கு ஜாக்கியை அழைத்துக் கௌரவித்தார்கள். இருபத்தைந்து வருஷ நிறைவு விழா. சர்க்கரை நோயில் கண் பார்வை மங்கி, தலை நரைத்து, ஐம்பத்து மூணு வயசில் கிழவர் மாதிரி நின்றார். நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, அணியின் மேலாளர் இடத்தில் ஒரு கறுப்பு முகத்தைப் பார்க்கிற நாளில்தான் இன்னும் சந்தோஷப்படுவேன் என்ற பொருளில் பேசினார். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 24 அன்று இறந்தார். முதல் கறுப்பர் மேலாளர் பிராங்க் ராபின்சன் 1975-ல் தான் வந்தார். பாராட்டு விழா மேடையில் நின்றுகொண்டே பாக்கிக் கணக்கைக் கேட்ட மனுஷன் அவர். அவர் பேரில் எழுதப்படுகிற கட்டுரைகளும் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.